மேட்டூர் 100 அடி என்றால் நம் வயலுக்கு எத்தனை நாள் தண்ணீர்? கணக்குப் பார்க்கும் வழி

என் தம்பி மகன் சென்னை வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டான். அவன் அப்பா பங்குக்கு வந்த மூன்று ஏக்கரை இனி அவனே பார்க்கப் போகிறான். வந்த மறுநாள் காலையிலேயே செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான். "அத்தை, மேட்டூர் 110 அடி இருக்கு. இந்த வருஷம் பயமில்லைல்ல?"

அவனுக்குப் பதில் சொல்ல உட்கார்ந்தேன், ஒரு காலைப்பொழுது போய்விட்டது. அன்று அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். டெல்டாவில் புதிதாக விவசாயத்துக்கு வருகிற பிள்ளைகள் நிறையப் பேர் அவனைப் போலவே அடியை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். நானும் அப்படி ஒரு வருடம் முடிவெடுத்து நான்கு ஏக்கரில் இரண்டரை ஏக்கரைக் கருக விட்டவள். எங்கள் வயல் கோரையாற்றின் கடைமடையில், தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடத்தில் இருக்கிறது. போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் வரும். ஆற்றில் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. அதனால் எங்களுக்கு அணைக் கணக்கு என்பது சோற்றுக் கணக்கு.

தினமும் எடுக்க வேண்டிய நான்கு எண்கள்

நாளிதழிலும் டிவியிலும் காலை 8 மணி நிலவரம் வரும். பல நாள் மாலை 4 மணி நிலவரமும் வரும். உழவன் செயலியிலும் அணை நீர்மட்டம் பார்க்கலாம். எங்கே பார்த்தாலும் சரி, நான்கையும் எடுங்கள்: நீர்மட்டம் (அடி), நீர் இருப்பு (டி.எம்.சி.; ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி), நீர்வரத்து (விநாடிக்கு இத்தனை கன அடி), வெளியேற்றம் (அதே கன அடி). எப்போதும் ஒரே நேரத்து நிலவரத்தையே எடுங்கள். ஒரு நாள் காலைக் கணக்கு, மறுநாள் மாலைக் கணக்கு என்று கலந்தால் எல்லாம் குழம்பிவிடும்.

மேட்டூரின் முழு நீர்மட்டமான 120 அடி என்பது எங்கிருந்து எண்ணுவது என்று தம்பி மகன் கேட்டான். நல்ல கேள்வி. கடல் மட்டத்திலிருந்து 670 அடி உயரத்தில் பூஜ்ஜியம் வைத்து அங்கிருந்து மேலே எண்ணுகிறார்கள். அணை நிரம்பினால் கடல் மட்டத்துக்கு மேல் 790 அடி, நம் பேச்சில் 120 அடி. கர்நாடகத்தின் கபினி அணைக்கு 2,284 அடி என்று போட்டிருப்பதைப் பார்த்து அது பிரம்மாண்டமான அணை என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே கடல் மட்டத்திலிருந்தே எண்ணுகிறார்கள், அவ்வளவுதான். கபினி மொத்தமாகவே 19.5 டி.எம்.சி. பிடிக்கிற சின்ன அணை.

வெளியேற்றத்தில் ஒன்றைக் கவனியுங்கள். மேட்டூரிலிருந்து காவிரியில் விடுவது வேறு, கிழக்கு–மேற்குக் கால்வாயில் விடுவது வேறு. அந்தக் கால்வாய் சேலம், ஈரோடு, நாமக்கல் பக்கத்து 45,000 ஏக்கருக்கானது. வழக்கமாக ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 15 வரை ஓடும். நமக்கு வருவது காவிரியில் விடுவது மட்டும். ஆனால் அணையிலிருந்து குறைவது இரண்டும் சேர்த்து. எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்க இரண்டையும் கூட்டுங்கள். நம் ஊருக்கு எவ்வளவு வரும் என்று பார்க்கக் காவிரிக் கணக்கை மட்டும் எடுங்கள்.

அடியை டி.எம்.சி.யாகப் பாருங்கள்

அணை நேராக நிற்கிற தொட்டி இல்லை. அடியில் குறுகி மேலே அகன்று போகிற பள்ளத்தாக்கு அது. என் மாமனார் இதை ஒரு சட்டியைக் காட்டித்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். கூழ் கரைக்கிற மண்சட்டியில் தண்ணீர் ஊற்றி, "பாரும்மா, வாய்ப்பக்கம் ஒரு விரக்கடை எறங்குனா எத்தனை செம்பு, அடிப்பக்கம் ஒரு விரக்கடை எறங்குனா எத்தனை செம்பு, அளந்து பாரு" என்றார். அளந்து பார்த்தேன். மேலே மூன்று செம்பு, கீழே ஒன்றுகூட இல்லை.

மேட்டூரும் அப்படித்தான். 120 அடியில் 93.47 டி.எம்.சி. 110 அடியில் சுமார் 78. 100 அடியில் சுமார் 65. 60 அடியில், அதாவது அளவுகோலில் பாதி இருக்கும்போது, சுமார் 25 டி.எம்.சி.தான். 40 அடியில் சுமார் 12. பாருங்கள், மேலே உள்ள 20 அடிக்குள் மட்டும் 28 டி.எம்.சி.க்கு மேல் இருக்கிறது. கீழே உள்ள 40 அடியிலும் சேர்த்து 12தான். "அணையில் பாதித் தண்ணீர் இருக்கு" என்று 60 அடியைப் பார்த்து யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது கால்வாசியை விடக் கொஞ்சம்தான் கூடுதல்.

இதனால் இன்னொன்றும் நடக்கும். அதே 10,000 கன அடி போய்க்கொண்டிருந்தாலும், 100 அடியில் இருக்கும்போது நாளுக்கு முக்கால் அடிக்கும் குறைவாகத்தான் இறங்கும். 45 அடிக்கு வந்த பிறகு நாளுக்கு ஒன்றரை அடி இறங்கும். "இத்தனை நாள் மெதுவாத்தானே குறைஞ்சுது" என்று அசட்டையாக இருப்பவர்கள் ஆகஸ்டில் திடீரென்று பதறுவது இதனால்தான். தண்ணீர் அதே வேகத்தில்தான் போகிறது, சட்டிதான் குறுகிவிட்டது.

எத்தனை நாள் தாங்கும்

டி.எம்.சி. என்றால் 100 கோடி கன அடி. ஒரு நாளுக்கு 86,400 விநாடி. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு முழு நாள் ஓடினால் சரியாக ஒரு டி.எம்.சி. மாமா இதைப் "பன்னண்டாயிரம் போனா ஒண்ணு" என்று மனசில் வைத்திருந்தார். வாய்க்கணக்குக்கு அது போதும். நோட்டில் எழுதும்போது நான் 11,500 போட்டுக்கொள்கிறேன்.

இப்போது கணக்கு. வெளியேற்றத்திலிருந்து நீர்வரத்தைக் கழியுங்கள். மீதியை 11,500-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு எத்தனை டி.எம்.சி. குறைகிறது என்று வரும். நீர் இருப்பில் 10 டி.எம்.சி.யை ஒதுக்கிவையுங்கள், அது பாசனத்துக்கு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தை அன்றாடக் குறைவால் வகுத்தால் நாள் கணக்கு வந்துவிடும்.

ஒரு உதாரணம். அணை 100 அடி, இருப்பு 65. வரத்து 2,000 கன அடி, வெளியேற்றம் 12,000. நிகரமாகப் போவது 10,000, அதாவது நாளுக்கு சுமார் 0.87 டி.எம்.சி. 65-ல் 10 போக 55. 55-ஐ 0.87-ஆல் வகுத்தால் 63 நாள். ஜூன் 12-ல் திறந்தால் ஆகஸ்ட் பாதி வரைதான்.

ஏன் 10 ஒதுக்குகிறேன் என்று கேட்பீர்கள். அணையை ஒட்ட வற்றவிட மாட்டார்கள். குடிநீருக்கு வேண்டும், மீன் வேண்டும். கோடையில் குடிநீருக்கென்று 1,000 கன அடி விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவே மாதத்துக்கு 2.6 டி.எம்.சி. ஆகிவிடும். கீழே வண்டலும் கிடக்கிறது. 10 என்பது அரசாங்கக் கணக்கு இல்லை, என் பாதுகாப்புக் கணக்கு.

தினமும் ஒரு சரிபார்ப்பும் செய்யலாம். நேற்று இருப்பில் இன்று இருப்பைக் கழியுங்கள். மேலே சொன்ன கணக்குக்கு ஒட்டி வர வேண்டும். கடும் வெயிலில் கொஞ்சம் கூடவே குறைந்திருக்கும், ஆவியாகிப் போவது அது. ஒட்டவே இல்லை என்றால் ஏதோ ஒரு எண்ணைத் தவறாக எழுதியிருக்கிறீர்கள், அல்லது பகலில் வெளியேற்றத்தைக் கூட்டியோ குறைத்தோ இருக்கிறார்கள். மாலை நிலவரத்தைப் பாருங்கள், தெரிந்துவிடும்.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2023 ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தபோது நீர்மட்டம் 103 அடி. நூறைத் தாண்டியிருக்கிறது என்ற சந்தோஷத்தில் நான் நோட்டை எடுக்கவே இல்லை. ஜூன் கடைசியில் 110 நாள் ரகத்தை நாற்று விட்டு நான்கு ஏக்கரும் நட்டேன். அன்று ஒரு நிமிடம் உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். 103 அடிக்குச் சுமார் 69 டி.எம்.சி. 10 போக 59. வரத்து பெரிதாக இல்லாமல் நிகரம் 10,000 போகும் என்று வைத்தால் 68 நாள். ஆகஸ்ட் 19. எனக்கோ அக்டோபர் முதல் வாரம் வரை தண்ணீர் வேண்டும். நடுவில் ஒன்றரை மாதம் வானத்தையும் மேலே உள்ள அணைகளையும் நம்பித்தான் நட்டிருக்கிறேன், அது தெரியாமலே நட்டிருக்கிறேன்.

அந்த வருடம் தென்மேற்குப் பருவமழை ஏமாற்றியது. ஆகஸ்டில் அணை 60 அடிக்கும் கீழே போனது. எங்கள் வாய்க்காலுக்கு முறை வைத்தார்கள், சில நாள் திறப்பு, சில நாள் அடைப்பு. முறை வரும் நாளில் தலைப்பில் இருப்பவர்கள் எடுத்தது போக எங்களுக்கு வந்தது கணுக்கால் நனையாத தண்ணீர். கதிர் வெளியே வந்து பால் பிடிக்கிற நேரம் அது. ஒரு கதிரைப் பிடுங்கி நகத்தால் நசுக்கிப் பார்த்தேன், வெள்ளையாக ஒரு சொட்டு வர வேண்டிய இடத்தில் வெறும் உமி. அக்டோபர் 10-ல் பாசனத் தண்ணீரை நிறுத்தினார்கள், அப்போது அணை முப்பது அடியை ஒட்டி இருந்தது. மேட்டு வயல் இரண்டரை ஏக்கர் மாட்டுக்குத்தான் ஆனது.

அதற்காக 103 அடிக்குக் குறுவை, அதாவது ஜூனில் தொடங்கும் குறுகிய கால நெல், நடவே கூடாது என்று சொல்லவில்லை. 63 நாளோ 68 நாளோதான் கையில் இருக்கிறது என்று தெரிந்தால், நான்கு ஏக்கரையும் நட்டிருக்க மாட்டேன். பள்ள வயல் ஒன்றரை ஏக்கரை மட்டும் நட்டு, மற்றதை அடுத்து வரும் சம்பாப் பருவத்துக்கு விட்டிருப்பேன். கணக்கு அதற்குத்தான்.

இன்னொரு பெரிய கணக்கையும் மனசில் வையுங்கள். ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை 230 நாளுக்கு டெல்டாப் பாசனத்துக்குத் தேவை சுமார் 330 டி.எம்.சி. மழை நன்றாகப் பெய்தால் இது குறையும். அணை முழுதாக நிரம்பினாலே 93.47தான். முழு அணை என்பது முழு வருடத் தண்ணீர் இல்லை, தேவையில் கால்வாசியை விடக் கொஞ்சம் கூடுதல். மிச்சமெல்லாம் ஓடிவந்து நிரம்பிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் 110 அடி என்று குதிக்கிற பிள்ளையிடம் நான் கேட்பது, "வரத்து எவ்வளவுடா?" என்பதுதான்.

மேலே எட்டிப் பார்ப்பது

வரத்து நாளை என்ன ஆகும் என்று தெரிய வேண்டுமானால் மேட்டூருக்கு மேலே பார்க்க வேண்டும். கர்நாடகத்தில் நான்கு அணைகள்: கிருஷ்ணராஜசாகர் (124.80 அடி, 49.45 டி.எம்.சி.), கபினி, ஹேமாவதி, ஹாரங்கி. நான்கும் சேர்ந்து 114.57 டி.எம்.சி. பிடிக்கும்.

நான் முதலில் பார்ப்பது கபினியை. வயநாட்டில் மழை பிடித்தால் அதுதான் முதலில் துள்ளும். சின்ன அணை, சீக்கிரம் நிரம்பும், நிரம்பினால் திறந்துதான் ஆக வேண்டும். அந்தத் தண்ணீர் கிருஷ்ணராஜசாகரில் சேராது, அதற்குக் கீழே நரசிபுரம் பக்கம் காவிரியில் கலந்து நேராக நம்மை நோக்கி வரும். அதனால் ஜூன், ஜூலையில் கபினி நிரம்பியது என்ற செய்தி வந்தால் நோட்டில் அடிக்கோடு போடுவேன். கிருஷ்ணராஜசாகரும் நிரம்பிவிட்டால் நிம்மதியாக மூச்சு விடலாம். அது வரைக்கும் வருவது அங்கே இருப்பவர்கள் திறந்துவிடுவதைப் பொறுத்தது.

அடுத்து பிலிகுண்டுலு. இரு மாநில எல்லையில் மத்திய நீர்வள ஆணையம் தண்ணீரை அளக்கும் இடம். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புப்படி ஒரு வருடத்தில் அங்கே 177.25 டி.எம்.சி. வர வேண்டும். மாத வாரியாக ஜூனுக்கு 9.19, ஜூலைக்கு 31.24, ஆகஸ்டுக்கு 45.95, செப்டம்பருக்கு 36.76. அப்புறம் இறங்குமுகம்: அக்டோபர் 20.22, நவம்பர் 13.78, டிசம்பர் 7.35, ஜனவரி 2.76. பிப்ரவரி முதல் மே வரை மாதம் இரண்டரை.

இந்த எண்களை அப்படியே மனப்பாடம் செய்து பயனில்லை. தினக்கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள். ஜூனில் நாள் சராசரி 3,500 கன அடி வந்தால் மாதக் கணக்கு சரியாகும். ஜூலையில் 11,600. ஆகஸ்டில் 17,000. செப்டம்பரில் 14,000. இதை ஒரு அட்டையில் எழுதி நோட்டின் உள்பக்கம் ஒட்டிவைத்திருக்கிறேன். ஜூலை நடுவில் பிலிகுண்டுலுவில் 3,000 ஓடுகிறது என்று படித்தால் உடனே தெரிந்துவிடும், கால்வாசிதான் வருகிறது, நாற்று விடுவதை யோசிக்க வேண்டும் என்று. மழை நன்றாக இருக்கிற வருடத்தில் இந்த அட்டைக்கே வேலையில்லை. ஜூலையில் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டத் தடை என்ற செய்தி வந்தால் போதும்.

மேட்டூருக்குக் கீழேயும் கொஞ்சம் பாருங்கள். பவானி ஆறு கூடுதுறையில் வந்து சேர்கிறது, அமராவதி கரூர் பக்கம் சேர்கிறது. பவானிசாகர் நிரம்பி உபரி திறந்தால் மேட்டூரில் குறைவாக விட்டாலும் கல்லணைக்கு நல்ல தண்ணீர் வரும். நிறையப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள். அதனால் கரூர் மாயனூர் கதவணை நிலவரம் கிடைத்தால் அதையும் எழுதிக்கொள்வேன், நம் பக்கம் வரப்போகிற தண்ணீரை அது இன்னும் நெருக்கமாகச் சொல்லும்.

மேட்டூரிலிருந்து நம் மதகு வரை

2020, 2021, 2023 மூன்று வருடமும் மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தது, கல்லணை 16-ல் திறந்தது. காய்ந்த ஆற்று மணல் குடித்தது போக மூன்று, நான்கு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரியும். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்காகும். உங்கள் நிலம் எந்த ஆற்றுப் பாசனமோ அந்த ஒரு எண்ணைத்தான் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். மயிலாடுதுறைக்காரருக்குக் காவிரி, பட்டுக்கோட்டைக்காரருக்குக் கல்லணைக் கால்வாய், எங்களுக்கு வெண்ணாறு. மேட்டூரில் 12,000 விட்டார்கள் என்று நான் துள்ளிக் குதித்துப் பயனில்லை. கல்லணையில் வெண்ணாற்றுக்கு எவ்வளவு, அதில் நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் கோரையாற்றுக்கு எவ்வளவு, அதில் எங்கள் வாய்க்கால் மதகுக்கு எவ்வளவு. ஒவ்வொரு இடத்திலும் பங்கு போட்டுப் போட்டுத்தான் நம்மிடம் வருகிறது.

கல்லணை திறந்த நாளிலிருந்து எங்கள் வயல் மதகுக்கு வர எடுத்த நாட்கள் என் நோட்டில் வருடவாரியாக இருக்கின்றன. 11 நாளும் உண்டு, 19 நாளும் உண்டு. தூர் வாரிய வருடம் சீக்கிரம் வரும். வெங்காயத் தாமரை அடைத்துக் கிடந்தால் தாமதம். இதை வேறு யாரும் உங்களுக்குச் சொல்ல முடியாது, நீங்களேதான் குறிக்க வேண்டும். ஐந்து வருடம் குறித்தால் உங்கள் வயலுக்கென்று ஒரு கணக்கு கிடைத்துவிடும். மதகைத் திறந்து மூடுகிற உங்கள் பகுதி லஸ்கரிடம் நல்ல பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். எந்த மதகை எப்போது தூக்குவார்கள் என்று முதலில் தெரிவது அவருக்குத்தான்.

தண்ணீர் வரும் அந்த முதல் நாளை ஒரு முறையாவது வாய்க்கால் கரையில் உட்கார்ந்து பாருங்கள். முதலில் தண்ணீர் தெரியாது. சருகும் நுரையும் பழைய பாட்டிலுமாக ஒரு குப்பை விளிம்பு ஊர்ந்து வரும், நாம் நடக்கிற வேகம்கூட இருக்காது. வெடித்த மண்ணின் பிளவுக்குள் தண்ணீர் இறங்கும்போது சுர்ரென்று ஒரு சத்தம் கேட்கும், குமிழி குமிழியாக மேலே வரும். வளையிலிருந்து நண்டு வெளியே ஓடும். அப்புறம்தான் கலங்கல் தண்ணீர் பின்னால் வந்து நிரம்பும். எங்கள் மதகு ஓரத்தில் மாமா அடித்த பூவரசங்கட்டை ஒன்று இருக்கிறது. அதில் அரிவாளால் மூன்று வெட்டு. முதல் வெட்டுக்கு வந்தால் நாற்றங்காலுக்குப் பாயும், இரண்டாவதுக்கு வந்தால் பள்ள வயலுக்கு, மூன்றாவதுக்கு வந்தால்தான் மேட்டு வயலுக்கு ஏறும். மேட்டூரில் இருக்கிற அளவுகோலுக்கு ஈடாக உங்கள் மதகிலும் ஒன்று வேண்டும். கல்லணையில் வெண்ணாற்றுக்கு எத்தனை கன அடி விட்ட நாளில் எத்தனையாவது வெட்டுக்கு வந்தது என்று நாலைந்து தடவை குறித்துவிட்டால், அப்புறம் செய்தி படிக்கும்போதே மேட்டு வயலுக்கு ஏறுமா ஏறாதா என்று சொல்லிவிடலாம்.

முறைப்பாசனம் வந்துவிட்டால் எத்தனை நாள் திறப்பு, எத்தனை நாள் அடைப்பு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். திறக்கிற நாட்களில் முதல் இரண்டு நாள் கடைமடைக்கு வராது. ஐந்து நாள் முறை என்றால் நமக்கு உண்மையில் மூன்று நாள். அந்த மூன்று நாளில் இரவும் விழித்திருந்து பாய்ச்சத் தயாராக இருக்க வேண்டும்.

120 அடி நெருங்கும்போது

இது கரையோரம் இருப்பவர்களுக்கு. அணை 118 அடிக்கு வந்துவிட்டது என்றால் மிச்சம் இரண்டு அடி. அந்த உயரத்தில் அடிக்கு சுமார் 1.6 டி.எம்.சி., ஆக 3.2. வரத்தில் வெளியேற்றம் போக நிகரமாக 40,000 கன அடி சேர்கிறது என்றால் ஒரு நாளுக்கு சுமார் 3.5 டி.எம்.சி. ஒரு முழு நாள்கூட இல்லை, அணை நிரம்பிவிடும். நிரம்பிய பிறகு வருவதை அப்படியே விட்டாக வேண்டும். மின்நிலையங்கள் வழியாக இருபதாயிரத்துச் சொச்சம் வரைதான் போகும், அதற்கு மேல் 16 கண் மதகு வழியாக. "16 கண் மதகு திறப்பு" என்று படித்தால் மேட்டூர் முதல் கீழே பவானி, பள்ளிபாளையம் வரை ஆற்றோரத்தில் இருப்பவர்கள் அன்றே மேட்டுக்கு நகர வேண்டும். 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் இரண்டு லட்சம் கன அடியை ஒட்டிப் போனது. 2018-ல் அந்த வெள்ளத்துக்குப் பிறகு முக்கொம்பில் கொள்ளிடத்தின் பழைய மதகுகளே உடைந்து போயின.

மாடு, ஆடு ஆற்றுப் படுகையில் கட்டியிருந்தால் இரவுக்கு விடாதீர்கள். வெளியேற்றத்தைக் கூட்டுவது நடுராத்திரியிலும் நடக்கும். மேட்டூரில் கூட்டிய தண்ணீர் உங்கள் ஊருக்கு வர எவ்வளவு நேரம் ஆகும் என்று கரையில் இருக்கிற மீன்காரரைக் கேளுங்கள், மணிக்கணக்காகச் சொல்வார்.

எங்களைப் போன்ற கடைமடைக்காரர்களுக்கு மேட்டூர் வெள்ளத்தை விடப் பெரிய ஆபத்து அக்டோபர், நவம்பரில் தலைக்கு மேல் பெய்கிற மழைதான். மேட்டூர் வெள்ளத்தைக் கொள்ளிடம் கடலுக்குக் கொண்டுபோய்விடும். அந்த மாதங்களில் மேட்டூரில் வெளியேற்றத்தைக் குறைத்தால் பதற வேண்டாம். டெல்டாவில் மழை பெய்கிறது, தண்ணீர் வேண்டாம் என்று குறைக்கிறார்கள். ஜூலையில் குறைத்தால் ஒரு அர்த்தம், நவம்பரில் குறைத்தால் வேறு அர்த்தம்.

ஒரு கோடையில் மேட்டூர் போயிருந்தேன். அணை நன்றாக இறங்கியிருந்தது. பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி வெளியே தெரிந்தது, தூரத்தில் பழைய தேவாலயக் கோபுரம். சேறு காய்ந்து நந்தியின் முதுகில் வெடித்திருந்தது. 1934-ல் அணை திறந்தபோது தண்ணீருக்குள் மூழ்கிய அந்த ஊர்களின் மக்கள் ஊரை விட்டுப் போனதால்தான் எங்கள் வயலுக்குத் தண்ணீர் வருகிறது என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. அதிலிருந்து வாய்க்காலில் தண்ணீரை வீணாக ஓடவிட மனசு வருவதில்லை. முறை முடிந்ததும் என் மதகை நானே போய் அடைத்துவிட்டுத்தான் வருவேன்.

நோட்டில் என்ன எழுதுவது

பள்ளிப் பிள்ளைகள் எழுதுகிற நாற்பது பக்க நோட்டு போதும். இடது ஓரம் தேதி. அப்புறம் மேட்டூர் அடி, இருப்பு, வரத்து, வெளியேற்றம். அடுத்து பிலிகுண்டுலு, கல்லணையில் உங்கள் ஆற்றின் எண். கடைசியில் உங்கள் மதகுக் கட்டையில் எத்தனையாவது வெட்டு. ஓரத்தில் அன்று பெய்த மழை, செய்த வேலை. மே 15 வாக்கில் எழுத ஆரம்பியுங்கள், திறப்புக்கு முன்பே போக்கு தெரிய வேண்டும். 2022-ல் மே 24-லேயே திறந்துவிட்டார்கள், அதற்கும் தயாராக இருக்க வேண்டும். 2024-ல் ஜூலை 28 வரை திறக்கவே இல்லை. அந்த வருடம் ஜூலை தொடக்கத்தில் அணை 40 அடிதான், குறுவையை விட்டுவிட்டேன், ஒரு ரூபாய் நஷ்டமில்லை.

வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், மேலே சொன்ன நாள் கணக்கைப் போட்டு அந்தப் பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் எழுதுங்கள்: "இன்றைய போக்கில் இந்தத் தேதி வரை." அதற்குப் பக்கத்தில் உங்கள் பயிருக்குக் கடைசித் தண்ணீர் வேண்டிய தேதி. அறுவடைக்குப் பத்து நாள் முன்பு வரை என்று வையுங்கள். இரண்டு தேதிக்கும் நடுவில் எத்தனை நாள் இடைவெளி என்று பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் நடுவது, எந்த ரகம், நடவா நேரடி விதைப்பா என்று முடிவு செய்ய வேண்டும்.

தம்பி மகன் அன்றே உட்கார்ந்து கணக்குப் போட்டான். 110 அடி, 78 டி.எம்.சி., வரத்து 1,500, வெளியேற்றம் 12,000. கொஞ்சம் நேரம் தலையைச் சொறிந்துவிட்டு 74 நாள் என்றான். சரியாகத்தான் போட்டிருந்தான். அவனுக்கு 110 நாள் ரகம் நட ஆசை. மூன்று ஏக்கரில் ஒன்றை மட்டும் குறுவை நடுகிறேன், மிச்சத்தைச் சம்பாவுக்கு வைக்கிறேன், மேலே மழை பிடித்து ஜூலை பத்துக்குள் வரத்து பத்தாயிரத்தைத் தாண்டினால் இன்னொரு ஏக்கருக்கு நாற்று வாங்கிக்கொள்கிறேன் என்றான். பூவரசங்கட்டைக்கு அவன் வயல் மதகில் எந்த இடம் சரியாக வரும் என்று பார்க்க இருவரும் சாயங்காலம் வாய்க்கால் கரைக்குப் போனோம்.

ஜனவரி 28-ல் அணையை அடைத்த பிறகும் நோட்டை மூடாதீர்கள். கடைசித் தண்ணீர் எங்கள் மதகுக்கு வந்து நின்ற தேதியையும் எழுதுவேன். சம்பா, தாளடி நெல் தாளுக்குள் உளுந்தும் பயறும் தெளிக்க அந்த ஈரம்தான் கணக்கு. அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு மண்ணை மிதித்தால் கால் தடம் பதிய வேண்டும், தண்ணீர் ஊறி நிற்கக் கூடாது. அந்தப் பதத்தில் தெளித்த தேதியோடு அந்த வருடத்துப் பக்கம் முடியும்.